நல்ல செல் பிளேட்

எங்கள் லேபில் முதன்முதலாகப் புற்றுநோய் செல்கள் செத்த அன்று துறைத்தலைவர் மக்ரூன் வாங்கிவரச் சொன்னார். எங்கள் ஊரில் எந்த நல்ல செய்திக்கும் இந்த முந்திரி இனிப்புதான். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பிளேட் ஒன்றை மாறி மாறித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னோடு ஆராய்ச்சி செய்த அவள் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். அவள் கையில் இன்னொரு பிளேட் இருந்தது.

“ஏளா, இங்கன வந்து பாரு. எல்லாம் செத்துக் கெடக்கு” என்று கூப்பிட்டேன்.

“செத்தது எங்க போவப்போவுது? சாவக் கூடாதது என்னாச்சுன்னு பாத்துட்டு வாரேன்” என்றாள். திரும்பக்கூட இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. மில்லர்புரத்தில் என் அப்பா கடை வைத்திருந்தார். கடைக்காரர் வீட்டில் ஒரு சாமான் விற்றுவிட்டால் விற்றதுதான், அதைத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவள் மணப்பாட்டுக்காரி, கடலோடிக் குடும்பம். இருவரும் ஒரே நாளில் அந்தக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவிகளாகச் சேர்ந்தோம். மொட்டை மாடியில் ஏறி நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். கீழே லேபில் ஏசி ஓடுகிறதோ இல்லையோ, உப்புக் காற்று மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிடும்.

நாங்கள் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். கரையில் பெண்கள் பொறுக்கி வரும் கடல்பாசியை வாங்கி, கழுவி, நிழலில் உலர்த்திப் பொடித்துக் கசாயம் வைப்போம். தங்க உப்புக் கரைசலில் அந்தக் கசாயத்தை ஊற்றினால் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, கடைசியில் செக்கச்செவேலென்று நிற்கும். அந்தச் சிவப்புதான் நானோ துகள். மைக்ரோஸ்கோப்புக்கும் சிக்காத அளவுக்கு நுணுகிப்போன தங்கம். அதைப் புற்றுநோய் செல்கள்மேல் விட்டு வைத்திருந்து, பிறகு ஒரு மஞ்சள் சாயம் சேர்ப்போம். உயிரோடு இருக்கும் செல் அந்தச் சாயத்தை ஊதாவாக மாற்றிவிடும். செத்த செல்லால் அது முடியாது. ஆகவே பிளேட்டில் ஊதா வந்தால் உயிர். மஞ்சளாகவே நின்றால் சாவு. எங்களுக்கு மஞ்சள்தான் வேண்டும்.

இன்னொரு பிளேட்டில் நோயில்லாத நல்ல செல்கள் இருக்கும். அதே மருந்தை அதே அளவில் அவற்றுக்கும் விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே மட்டும் ஊதா வர வேண்டும். பலரும் இந்த வேலையைக் கடைசியில், பேருக்கு ஒருதரம் செய்து முடித்துவிடுவார்கள். அவள் ஒவ்வொரு முறையும் செய்தாள். சாயம் விட்டதும் முதலில் அதைத்தான் கையில் எடுப்பாள்.

அன்று ஜன்னலோரத்திலிருந்து வந்து தன் பிளேட்டை மக்ரூன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நல்ல செல்களின் ஊதாவும் வெளிறிப் போயிருந்தது. “இங்கனயும் பாதி போச்சு சார்” என்றாள். எல்லோர் வாயிலும் மக்ரூன் இருந்தது. துறைத்தலைவர் மட்டும் விழுங்கிவிட்டு, “பாசிம்மா அது. இயற்கையான பொருள். பாதகம் இருக்காது, நீ டைல்யூஷனத் தப்பாப் போட்டிருப்ப” என்றார். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து போட்டாள். அதே வெளிறல்தான் வந்தது.

லேபில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். எனக்கு மாப்பிள்ளை பார்த்த சமயத்தில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குடிக்க மாட்டார், சிகரெட் கிடையாது, அதிர்ந்து ஒரு சொல் பேச மாட்டார் என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், “அவுங்க வீட்டுல நாய் கெடக்கா அத்தை?” என்றாள். கிடக்கிறது என்றாள் அம்மா. “அது அவரக் கண்டா வால ஆட்டுதா, கட்டிலுக்கடியில ஓடுதா?” அம்மாவுக்கு வந்த கோபத்தில் காப்பி டம்ளரை நங்கென்று வைத்தாள். ஆனால் அப்பா அடுத்த வாரம் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்வந்தார். நாய் வாலை ஆட்டியது. அவரைத்தான் கட்டியிருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது இந்தப் புத்தி என்று ஒருநாள் கேட்டேன். அவளுக்கே அது தெரியாதது போல யோசித்துவிட்டு அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அவள் அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். படகில் கம்ப்ரஸரை ஓடவிட்டு, காற்று வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். ஆழத்தில் காது கிழிந்துவிடுவதும் உண்டு. கரைக்கு வந்ததும் மற்ற வீட்டுப் பெண்கள் சங்கு எவ்வளவு என்று பையை எட்டிப் பார்ப்பார்களாம். “எங்கம்மா பைய ஏறெடுத்தும் பாக்க மாட்டா. அப்பா தலையத் திருப்பி, ரெண்டு காதுலயும் ரத்தம் இருக்கான்னு பாப்பா. இல்லன்னாதான் மூச்சு விடுவா. அத நான் தெனம் பாத்திருக்கேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உடனே பிப்பெட்டை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

லேப் மூலையில் அவள் சேர்த்துவைத்த கண்ணாடி ஜாடிகள் எனக்குப் பெரிய தொல்லை. துகள்களைக் கழுவிய தண்ணீரை அவள் தொட்டியில் ஊற்ற மாட்டாள், என்னையும் ஊற்ற விட மாட்டாள். “கடலுக்குத்தானளா போவப்போவுது. கடல்லருந்து எடுத்தத கடலுக்கே குடுத்தா என்ன குத்தம்?” என்று கேட்டேன். “எடுக்கையில பாசியா எடுத்தோம். குடுக்கையில பாசியாவா குடுக்கோம்?” என்றாள். ஜாடிகள் மூலையை அடைத்து, பீரோவுக்கு முன்னால் வந்து, நடக்கிற வழியையும் பிடித்துக்கொண்டன. பெருக்க வருகிற அக்கா அவளை ஊறுகாய்க்காரி என்றுதான் சொல்வாள். கழிவை உரிய முறையில் எடுத்துப்போகிற ஆட்கள் மதுரையிலிருந்து வரும்வரை நாங்கள் சுவரோரமாக ஒருக்களித்து நடந்தோம்.

இப்படி இருக்கும்போதுதான் பேப்பரில் செய்தி வந்தது. துறைத்தலைவரைத் தெரிந்த நிருபர் ஒருவர் லேபுக்கு வந்து சிவப்புக் குப்பியைப் படம் எடுத்துக்கொண்டு போனார். புற்றுநோய் செல்லைக் கொல்லும் தங்கம், நம் கடல்பாசியிலிருந்து, பக்க விளைவு அற்றது என்று போட்டிருந்தார்கள். பக்க விளைவு அற்றது என்று எங்களில் யார் சொன்னது என்று இதுவரை எனக்குத் தெரியாது. அவள் பேப்பரை வாசித்துவிட்டு நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்ததால் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. வெளியே வந்தவள், “மறுப்பு போடச் சொல்லுதாராம். சொல்லுவாரான்னு தெரியல” என்றாள். மறுப்பு வரவேயில்லை.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கல்லூரிக் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஸ்கேன் உறைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஊரில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாசி இவர்கள் கரையில் ஒதுங்குவது. தங்கத்தைப் பஸ்பமாகத் தின்னலாம் என்பது எல்லா வீட்டிலும் கேட்ட பேச்சு. இரண்டும் சேர்ந்த ஒன்றில் கெடுதி இருக்கும் என்று யார் நம்புவார்கள்? வாட்ச்மேன் விரட்டினார். அவள்தான் தினமும் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டுக்குப் போய் ஒவ்வொருவரிடமும் பேசினாள்.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரை நான் மறக்கவில்லை. மனைவிக்கு ஈரலில் புற்று. கையில் நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று வைத்திருந்தார், மருந்தை ஊற்றிக்கொண்டு போவதற்கு.

“அண்ணாச்சி, அது இன்னும் மருந்து ஆவல. பிளேட்டுல உள்ள செல்லுலதான் பாத்திருக்கோம். மனுசருக்குக் குடுக்க முடியாது” என்றாள்.

“பாசிதானம்மா. கடக்கரையில கஞ்சியே வச்சுக் குடிக்காவளே.”

“பாசி சரி. தங்கம் அப்படி இல்ல. உப்பளத்துல கல்லுப்பக் கையில அள்ளுனா ஒண்ணும் செய்யாது. அதே உப்பு தூளாப் பறந்து கண்ணுல விழுந்தா? தங்கமும் கட்டியா இருக்கையில ஒரு குணம், அத்தன நுணுக்கமானா வேற குணம். ஒடம்புக்குள்ள எங்க வேணும்னாலும் போவும். ஈரல்ல போய் உக்காந்துக்கிடும். எப்ப வெளிய வரும், வருமா வராதான்னு எங்களுக்கே இன்னும் பிடிபடல.”

அவர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, மறுபடி மூடினார். “நாள் குறிச்சுட்டாவம்மா அவளுக்கு. சாவப்போறவளுக்கு ஏதும்மா வெஷம்?”

அவள் அவரோடு பஸ் நிறுத்தம்வரை நடந்து போனாள், வெயிலில், குடையில்லாமல். பஸ் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. “அந்த அண்ணாச்சி கேட்டதுக்கு என்னளா பதிலு?” என்று என்னிடம் கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அந்தக் கேள்வி கொஞ்ச நாளில் அவள் வீட்டுக்குள்ளேயே வந்தது.

அவளுக்கு ஒரு தம்பி. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை. போய்வரும்போதெல்லாம் எங்களுக்கு மாசிக் கருவாடு கொண்டுவந்து தருவான். லேப் முழுக்க நாற்றமடிக்கும், துறைத்தலைவர் முகத்தைச் சுளிப்பார், அவன் அவருக்கும் ஒரு பொட்டலம் நீட்டுவான். அப்படிப்பட்டவன். ஒரு நடை முடிந்து வந்தபோது கண் மஞ்சளாக இருந்தது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இறங்கவில்லை. மதுரையில் படம் எடுத்துப் பார்த்து, கணையத்தில் புற்று, பரவிவிட்டது என்றார்கள். ஊசி மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கேட்கவில்லை. இனி வலிக்கு மருந்து கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அவனும் அவன் மனைவியும் ஒரு மத்தியானம் லேபுக்கு வந்தார்கள். ஆள் பாதியாகிவிட்டான். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஷெல்பில் வரிசையாக இருந்த சிவப்புக் குப்பிகளைப் பார்த்துச் சிரித்தான்.

“நம்ம சாமியாரு பூசைல வைக்க திராட்சரசம் மாதிரில்லாக்கா இருக்கு.”

அவளும் சிரித்தாள். அவன் மனைவிதான் ஆரம்பித்தாள். “மைனி, பேப்பர்ல போட்டிருந்தத நாங்களும் வாசிச்சோம். இத்தன நாளு நீங்களாச் சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு இருந்தோம். இப்ப நாங்களா வந்து கேக்கோம்.” கையெடுத்துக் கும்பிட்டாள். சொந்த நாத்தனாரை, கோயிலில் கும்பிடுவது போல.

“பேப்பர்ல போட்டது தப்பும்மா” என்றாள் அவள்.

“தப்புன்னா? நோயி செல்லு சாவலையா?”

“சாவுது. நல்ல செல்லும் சாவுது.”

தம்பி முன்னால் குனிந்தான். “அக்கா, நான் டாக்டர்ட்டயே கேட்டுட்டேன். எனக்கு எல்லாம் தெரியும். சாவப்போறவனுக்கு என்னக்கா வெஷம்? குடுத்துப் பாரு. ஆனா ஆவுது, போனாப் போவுது.”

விளாத்திகுளத்துப் பெரியவர் கேட்டதற்கு என்னிடம் பதில் தேடியவள் இந்த முறை பதில் சொன்னாள். தம்பியின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

“ஏலே, நீ இப்ப மூணு மாடி ஏறி வந்த. காலைல ரெண்டு இட்லி தின்னேன்னு சொன்ன. இந்தா என்கிட்டப் பேசுத, சிரிக்க. இதெல்லாம் யாரு செய்யுதா? ஒனக்குள்ள மிச்சம் இருக்க நல்ல செல்லுதாம்லே செய்யுது. நோயா செய்யுது? அந்த மிச்சந்தாம்லே நீயி. நான் அதுமேல கைய வைக்கவா?”

“வச்சா செத்துருமா?”

“சாவும்னு என் பிளேட்டு சொல்லுது. ஒன் ஒடம்பு என்ன சொல்லும்னு தெரியாது. ஒன் ஈரலு ஏற்கெனவே கெட்டுக் கெடக்கு. இது நேரா அங்கதான் போய் உக்காரும்.”

“தெரியாதுன்னா, ஒருவேள நல்லதும் ஆவலாம்லா?”

“ஆவலாம்” என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

“பொறவென்ன மைனி?” என்று அவன் மனைவி கத்தியே விட்டாள்.

“ஒருவேளைங்கறத நான் எம் தம்பிக்கு ஊத்த மாட்டேன்” என்றாள் அவள். எழுந்து முகத்தைக் கழுவப் போனாள். தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தம்பி என்னைப் பார்த்து, “எங்கக்கா சின்னப் புள்ளைலயே இப்படித்தான், ஒண்ணும் செய்ய முடியாது” என்றான். இருவரும் மெல்ல இறங்கிப் போனார்கள். அவனுக்காக அவன் மனைவி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இறங்கினாள்.

அவர்கள் போனபிறகு நான் அவளோடு சண்டை போட்டேன். அன்றைக்கு எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. என் தம்பியாக இருந்தால் குப்பியோடு கொடுத்திருப்பேன் என்றேன். “நீ குடுத்திருப்ப” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. எனக்கு அது இயல்பு, அவளுக்கு அது இயலாது என்பது போலச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அவள் லேபில் வேறு வேலை எதையும் தொடவில்லை. பாசிக் கசாயத்தின் அளவை மாற்றினாள். துகளின் அளவை மாற்றினாள். துகள்மேல் ஒரு பூச்சுக் கொடுத்தால் நல்ல செல்லுக்குள் நுழையாமல் தடுக்க முடியுமா என்று பார்த்தாள். அவள் தேடியது ஒரே ஓர் அளவு: நோயைக் கொன்று மற்றதை விட்டுவைக்கும் ஓர் அளவு. அது கிடைத்திருந்தால் அவனுக்குக் கொடுத்திருப்பாளா? சட்டப்படி முடியாது, முறைப்படியும் முடியாது. கொடுத்திருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அதுவரை அவளை நெஞ்சழுத்தக்காரி என்று நினைத்திருந்த நான், தினமும் காலையில் அவள் இன்குபேட்டர் கதவைத் திறக்கும்போது என் வேலையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

எல்லா நாளும் நல்ல செல் பிளேட்தான் முதலில். எல்லா நாளும் அது வெளிறித்தான் இருந்தது.

ஒரு நாள் சாயம் விட்டுவிட்டுக் காத்திருந்தாள். பிளேட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தவள் அப்படியே நின்றாள். “ஏளா” என்று கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு குழியிலும் ஊதா, கத்தரிப்பூ மாதிரி அடர்த்தியாக. நல்ல செல் அத்தனையும் உயிரோடு இருந்தன. அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள், வாய்விட்டுச் சிரித்தாள், மாதாவே மாதாவே என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மற்ற பிளேட்டை நான்தான் எடுத்தேன். புற்றுநோய் செல் பிளேட். அதுவும் ஊதா. அதே கத்தரிப்பூ ஊதா. ஒன்றுகூடச் சாகவில்லை. நல்லதைக் கெடுக்காத அளவு நோயையும் ஒன்றும் செய்யவில்லை. அதை அவள் கையில் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. அவளே வாங்கிப் பார்த்தாள். இரண்டு பிளேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முக்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, “நான் ஊருக்குப் போறேன்ளா. இனி இங்கன இருந்து பிரயோசனம் இல்ல” என்றாள்.

மணப்பாட்டில் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவன் மனைவி அவளோடு பேசுவதில்லை. ஆனால் குசினியில் அவள் சமையல் வேலை செய்வதைத் தடுக்கவும் இல்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். தம்பி நாற்காலியைக் கடலைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொல்லி உட்கார்ந்திருந்தான். மாசிச் சம்பல் கேட்டு வாங்கித் தொட்டுத் தொட்டு நக்கினான். முந்தின நாள் ஒரு சிநேகிதன் பைக்கில் பின்னால் உட்காரவைத்து அவனைச் சிலுவைக் கோயில் வரைக்கும் கூட்டிப்போய் வந்திருக்கிறான். அதைப் பெரிய பயணம் போய்வந்தது போலச் சொன்னான். அக்காள்மேல் அவனுக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. இருந்திருக்கலாம். அவன் காட்டிக்கொள்கிற ஆள் இல்லை. கடைசிவரை நினைவு தப்பாமல் பேசிக்கொண்டே இருந்து, ஒரு மத்தியானம் போனான்.

அடக்கத்துக்குப் போனோம். பெட்டியை மூடப்போகும் நேரத்தில் அவன் மனைவி ஊர் முழுக்க நிற்கும்போது இவளைப் பார்த்து அலறினாள். “ஊருக்கெல்லாம் மருந்து கண்டுபிடிச்சீயளே மைனி! ஒங்க கூடப் பொறந்தவனுக்கு ஒரு சொட்டு இல்லாமப் போச்சே!” எல்லாத் தலையும் திரும்பியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அழவில்லை. அழாததையும் ஊரில் ஒரு குற்றமாகச் சேர்த்துப் பேசினார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான், ஆனால் என்னால் அடக்க முடியவில்லை. “குடுத்திருந்தா என்னாயிருக்கும்ளா?”

“தெரியாது” என்றாள். பஸ் உப்பளங்களைத் தாண்டியது. பிறகு, “தெரிஞ்சு குடுக்காம இருந்திருந்தா மனசு ஆறிப்போவும். தெரியாமல்லா குடுக்காம இருந்தேன். அது ஆறாதுளா” என்றாள்.

இப்போது அவள் வேறு ஊரில், புது மருந்துகளின் கெடுதியை மட்டும் சோதிக்கும் ஒரு லேபில் இருக்கிறாள். மீன்முட்டைகளை வைத்துப் பார்க்கிறார்களாம். மருந்து விட்ட தண்ணீரில் குஞ்சின் முதுகு நேராக வளர்கிறதா, இதயம் வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இதற்கென்றே பிறந்தவள்தான். எப்போதாவது போனில் பேசுவோம். என் குழந்தைக்கு டாக்டர் எழுதிய மருந்தின் பேரைச் சொன்னால், நல்ல மருந்து என்று சொல்ல மாட்டாள். எது வந்தால் நிறுத்த வேண்டும் என்று சொல்லுவாள். இவ்வளவு நாள் ஆகியும் எனக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது.

அவள் எங்கள் லேபை விட்டுப் போவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அடக்கம் முடிந்து அவள் லேபுக்குத் திரும்பி வந்திருந்தாள். தம்பியின் வருசத் திவசப் பூசை முடிந்திருந்தது. அந்தப் பூசையிலும் அவன் மனைவி இவள் முகத்தைப் பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் லேப் வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நின்றாள்.

இவள் எழுந்து நின்றாள். யார் முதலில் பேசுவது என்று எனக்கே பயமாக இருந்தது.

“எங்கம்மாவுக்கு மாருல கட்டி மைனி. அதுதான்னு சொல்லிட்டாவ” என்றாள் வந்தவள். பைக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே மஞ்சளாக ஏதோ பொடி. “எங்க சின்னம்மா வாங்கிட்டு வந்தாவ. தங்கத்தப் பொடிச்சதாம். இத சாப்பிட்டா ஆப்பரேசன் வேண்டாமாம், கெடுதியே கெடையாதாம். வீட்டுல எல்லாரும் குடு குடுன்னு நிக்காவ. அம்மாவும் ஆப்பரேசனுக்குப் பயந்துகிட்டு இதத்தான் கேக்கா.”

“எங்கிட்ட எதுக்கும்மா கொண்டாந்த?” என்றாள் இவள். மெதுவாகத்தான் கேட்டாள்.

“எல்லாரும் குடுன்னுதான் சொல்லுதாவ மைனி. தெரிஞ்சா சொல்லுதாவ? தெரியாதத தெரியாதுன்னு சொல்லுத ஆளு எனக்கு வேற யாரு இருக்கா?”

அடக்கத்தில் அழாதவள் அப்போது அழுதாள். நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடாமல், நாங்கள் பார்க்கப் பார்க்க அழுதாள். வந்தவள் பக்கத்தில் போகவும் இல்லை, நகரவும் இல்லை. இவள் அழுது முடிக்கும்வரை நின்றாள்.

பிறகு இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை எடுத்து மூடினாள். “இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. குடுக்காத. கட்டி எடுக்க முடியும்னு டாக்டர் சொல்லுதாரா?”

“எடுக்கலாம்ங்காரு.”

“அப்ப எடுத்துருவோம். நானும் கூட வாரேன்.”

“சரி மைனி” என்றாள் அவள். வேறொன்றும் கேட்கவில்லை.